விரிக்காத கம்பளி

செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஆற அமர உட்கார வந்தவன் செருப்பை அப்படியா விடுவான், வந்த காலோடு கழற்றி எறிந்துவிட்டு அல்லவா உள்ளே நுழைவான், இது சொன்னதைச் சொல்லி வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு கிளம்பப் போகிறவனின் செருப்பு, மண் படியாத கறுப்புத் தோல், மூக்கு இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. விறகு எடுக்கும் சாக்கில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வந்தேன். பூபாலன் என் சித்தப்பா மகன். எனக்குத் தம்பி, என் மகள் யோகராணிக்கு மாமன். எத்தனையோ வருஷமாக இந்த மலைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், என் புருஷன் செத்ததற்குக்கூட மூன்றாம் நாள் போனில் பேசியவன், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பனி இறங்குகிற நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறான். வெறுங்கையோடு வரவில்லை. ஆரஞ்சு வாங்கி வந்திருக்கலாம், பிஸ்கட் வாங்கி வந்திருக்கலாம், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் வருக்கி விற்கிறார்கள். அதெல்லாம் விட்டுவிட்டுக் கம்பளி கொண்டு வந்திருக்கிறான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மடிந்து கிடக்கிற, பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட, பூனை முதுகு மாதிரி மினுங்குகிற கம்பளி. "பனிக்காலமில்ல பரமக்கா, புள்ள போத்திக்கிடட்டும்" என்று கட்டில்மேல் வைத்தான். யோகராணி என்னைப் பார்த்தாள். நான் கம்பளியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பிறத்தியார் கொடுத்த கம்பளியை விரிக்கமாட்டோம் என்று இவனுக்குத் தெரியாதா? தெரியாமல் இருக்க முடியாது. என் அப்பாவும் இவன் அப்பாவும் ஒரே பாயில் படுத்து ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். தெரிந்தே கொண்டுவந்தானா? தெரிந்தே கொண்டுவந்தான் என்றால் என்ன அர்த்தம்? அல்லது அவன் அப்பா அவனுக்கு அந்தக் கதையைச் சொல்லவே இல்லையா, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரா, சொல்லாமல் விட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாரா. பார்த்தால் பிழைத்துக்கொண்டவன் மாதிரிதான் இருக்கிறான்.

கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஈரமாக இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது, புகை கண்ணுக்குள் போகிறது. நல்லது, அழுதாலும் புகை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் எதற்கு அழ வேண்டும். பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவன் குரல். நான் பாத்திரத்தை உருட்டினால் குரல் ஏறுகிறது, நான் சும்மா இருந்தால் குரல் இறங்குகிறது, இதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஆகவே வெறும் டம்ளருக்குள் கரண்டியை விட்டுக் கலக்குகிறேன். டிங் டிங் டிங். அக்கா வேலையாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். "சோறு மூணு வேளையும் மில்லுலயே. ஆஸ்டல் உள்ளயே இருக்கு, வெளிய போற வேலையே இல்ல. வாரத்துக்கு ஒருக்கா படம் போடுவாங்க. மூணு வருசம் முடிச்சுட்டு வெளிய வரயில கல்யாணத்துக்குன்னு மொத்தமாக் கையில குடுத்து அனுப்புவாங்க கண்ணு." கண்ணு. இவன் எப்போது என் பிள்ளையைக் கண்ணு என்று கூப்பிட்டான்? பிறந்தபோது பார்த்தானா, காது குத்தியபோது வந்தானா? கீழே சமவெளியில் நூல் மில். வெளியே போகிற வேலையே இல்லை என்பதை ஒரு வசதி மாதிரி சொல்கிறான். மேல் லயத்து வரிசை வீட்டு மருதாயி மகள் இப்படித்தான் போனாள், எந்த மில் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை, சுவர் உயரம் என்று மட்டும் சொன்னாள், திரும்பி வந்தபோது இருமினால் பஞ்சு வந்தது என்கிறார்கள், பஞ்சோ சளியோ, அவளைப் பார்க்கப் போனபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் பிள்ளையை அங்கேதான் கூப்பிடுகிறான். ஊட்டிக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பிள்ளையை. இந்த மூன்று தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கும் சாயந்தரம் இந்தக் கட்டிலில் உட்கார்ந்து கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையை. வேலை கிடைக்கவில்லைதான். அதற்காக.

ஈர விறகில் தண்ணீர் கொதிக்க நேரமாகும். இந்த மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் எதுவும் சரியாக வேகாது என்பார் அப்பா. தூள் டப்பாவைத் திறக்கிறேன். தூள் என்றால் தூள்தான், தூசி. இலை நாங்கள் பறிக்கிறோம், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, விரல் நகம் கறுத்துப்போக, நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடுகிறது, சல்லடைக்கு அடியில் விழுந்தது எங்களுக்கு. அங்கேயும் அப்படித்தான். சிலோனில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தில் அம்மா உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனி வைத்துவிடுவாள், ஒரு நக்கு நக்கி ஒரு வாய் பாலில்லாத வெறும் சாயத் தேத்தண்ணி குடிக்க வேண்டும், சீனி தீர்ந்த பிறகும் கையை நக்கிக்கொண்டிருப்போம் நானும் என் கூடப்பிறந்த தம்பியும். உலகமெல்லாம் குடிக்கிற தேயிலையின் ருசி எனக்குத் தெரியாது. என் ருசி தூசியின் ருசி. இந்தியாவும் சிலோனுமாக இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஏற்கனவே ஓட்டு இல்லை என்று ஆக்கியிருந்தார்கள், ஓட்டு இல்லாதவனிடம் எதைக் கேட்பது. கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, லாரியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த அன்று இருட்டில் கதவைத் திறந்து உள்ளே போனேன். எனக்குப் பதினொரு வயது. விளக்கு இல்லை. அப்படியும் அடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நேராகப் போய்க் கை வைத்தேன், அடுப்பு. அதே அளவு அறை, அதே இடத்தில் கதவு, அதே இடத்தில் ஜன்னல் இல்லாத சுவர். கடல் தாண்டி வந்து அதே அறைக்குள் வந்திருந்தோம். தம்பி, "அக்கா, நம்ம வீட்டுக்கே வந்துட்டமா?" என்று கேட்டான். அவன் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

டிங் டிங். "எங்கம்மா ஒத்துக்குவாங்கன்னு நெனைக்கிறீங்களா மாமா?" இது யோகராணி. சிரித்துக்கொண்டா கேட்கிறாள்? "ஒங்கம்மாவா? நாய் வாலாட்டினாக்கூட எதுக்குடா ஆட்டுதுன்னு யோசிக்கிற ஆளு. சின்னப் புள்ளயிலயே அப்பிடித்தான். கோயில்ல பொங்கல் குடுத்தா மோந்து பாத்துட்டுத்தான் திம்பா." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மோந்து பார்க்காமல் தின்றவர்கள் கதை எனக்குத் தெரியும். கோத்தகிரி கடைக்காரர் கேட்பார், ஏம்மா, இந்த சிலோன்காரங்க கையில மட்டும் ஏன் எதுவும் தங்க மாட்டேங்குது, எங்க ஆளுங்க அரை ஏக்கர் வச்சே பங்களா கட்டுறான். சிரித்துக்கொண்டே கேட்பார், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷர். அவருக்கு என்ன பதில் சொல்வது. தங்குவதற்கு முதலில் தரை வேண்டும். எங்களுக்குத் தரை போய் நூற்றைம்பது வருஷம் இருக்குமா. அப்பாவின் தாத்தாவுக்கு முசிறிப் பக்கம் ஊர். தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், அப்பா ஒருநாளும் வானத்தைக் குறை சொன்னதில்லை. முதலில் வரி வந்தது, வரிக்கு நிலம் போனது, அப்புறம்தான் மழை போனது என்பார். ஊர் ஓரமாக நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் ரயிலடிக்குப் போயினவாம், அங்கிருந்து துறைமுகத்துக்கு. வண்டிக்குக் காவலாகத் துப்பாக்கிக்காரன் நடந்து போனானாம். நெல் இல்லாமல் சாகவில்லை பாப்பா, நெல் போறதப் பாத்துக்கிட்டே செத்தாங்க. சக்கரத் தடத்தில் சிந்தியதை எறும்போடு போட்டி போட்டுப் பொறுக்கிய பதினாறு வயதுப் பையன் அந்தத் தாத்தா. அப்போது வந்தான் ஒரு ஆள். வெள்ளைக்காரன் இல்லை. வெள்ளைக்காரன் ஊருக்குள் வரவே இல்லை, வர வேண்டிய தேவையும் இல்லை. வந்தது தாத்தாவின் தாய்மாமன். கண்டிச் சீமைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியாக இருந்தவன், சட்டை போட்டிருந்தான், தலையில் கம்பளி மூட்டை. மருமகப்புள்ள, குளிரும்டா அங்க, இந்தா போத்திக்க. போர்த்திக்கொண்டார். அவ்வளவுதான். தோளில் கம்பளி விழுந்தால் சம்மதம் சொன்னதாக அர்த்தம், கை நாட்டு அதற்குப் பிறகுதான். தொண்டிக் கரைவரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுவழி மலைக்கு. போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது, அந்தக் கம்பளியும் அவர் பேரில்தான் கடனாகப் பற்று எழுதியிருந்தது என்று. கொடுத்ததற்கும் சேர்த்து உழைத்தார்.

இந்த இடம்வரைக்கும் யோகராணிக்குத் தெரியும். சின்ன வயதிலேயே சொன்னேன், சோறு ஊட்டும்போது சொன்னேன். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் அவள் இதைத்தான் பேசினாள், ஒரு கம்பளிக்கு விலைபோன இனம் என்று ஆரம்பித்து, துரைமார்களையும் கப்பல்களையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டாளாம், கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனதாம். முதல் பரிசாக ஆறு எவர்சில்வர் டம்ளர். அவற்றில் ஒன்றைத்தான் இப்போது டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது. மிச்சத்தை நான் சொல்லவில்லை. அதை இப்போது நினைக்க வேண்டாம், தண்ணீர் கொதிக்கிறது, இஞ்சி எங்கே.

இஞ்சியைத் தட்டினால் அம்மா ஞாபகம். வந்த முதல் பனிக்காலம். புல்லெல்லாம் உப்புப் போட்ட மாதிரி வெளுத்திருந்தது. முகாமில் சர்க்கார் குடும்பத்துக்கு ஒரு கம்பளி கொடுத்திருந்தது, நல்ல கனமான சாம்பல் நிறக் கம்பளி, அப்பா அதை மடிப்புக் கலையாமல் பரணில் ஏற்றி வைத்துவிட்டார். கொடுத்த கம்பளி, விரிக்கக் கூடாது. நாமே வாங்குகிறவரைக்கும் சாக்கு போதும். அம்மா கெஞ்சினாள். இவங்க சர்க்காருங்க, கங்காணி இல்லீங்க, சும்மா குடுத்தாங்க. அப்பா சொன்னார், சும்மாவா? நம்மளுக்கு எவன்டி சும்மா குடுத்தான்? தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. தேயிலைச் சாக்கைப் போர்த்திக்கொண்டு என் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தான், சாக்கு முரடு, உடம்பு நெருப்பு. விடிகிறபோது நெருப்பு இல்லை. அன்றைக்கு அம்மா நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து கம்பளியை இறக்கி, உதறி விரித்து, அவனைச் சுற்றி எடுத்துக்கொடுத்தாள். அப்பா தடுக்கவில்லை. ஒரே ஒருநாள்தான் அந்தக் கம்பளி விரிந்தது, மண்ணுக்குள் போனது. அன்றிலிருந்து எனக்கு எது சரி என்று தெரியாமல் போய்விட்டது. சந்தேகப்படாதவர் நாடு விட்டுப் போனார், சந்தேகப்பட்டவர் பிள்ளையைக் கொடுத்தார். நடுவில் நான் நின்றுகொண்டு எல்லாவற்றையும் மோந்து பார்க்கிறேன். யோகராணி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பூபாலன் உண்மையிலேயே நல்ல மனதோடு வந்திருந்தால்? குளிர்கிறதே என்று கம்பளி வாங்கியிருந்தால்? கல்லூரி முடித்த பிள்ளை வீட்டில் கிடக்கிறதே என்று பாவப்பட்டிருந்தால்? ஒரு மனுஷன் அன்பாக இருப்பதை நம்ப முடியாதபடி யார் எங்களை ஆக்கியது, நிலம் போனதைவிட இது பெரிய நஷ்டம் இல்லையா.

கரண்டியை நிறுத்தி எத்தனை நேரம் ஆயிற்றோ. அவன் குரல் இறங்கியிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் போகிறேன். "மெசின்ல நிக்கிற வேலையெல்லாம் ஒனக்கு இல்ல கண்ணு. படிச்ச புள்ளய யாராவது மெசின்ல நிறுத்துவாங்களா? ஒனக்குத் தனி ரூம்பு, மேசை. வார்டன் மாதிரின்னு வையி." ஆ, அப்படியா. மனசு இறங்குகிறது எனக்கு, வெட்கமாகக்கூட இருக்கிறது. மேசை வேலை. "நீ செய்ய வேண்டியது என்னன்னா, இந்த மூணு தோட்டத்துலயும் ஒன்னைத் தெரியாத வீடு இல்ல. ஒங்கிட்ட படிக்கிற புள்ளைங்களே இருவது இருக்கும்ல. நான் போயி கூப்பிட்டா அவங்க ஆத்தாளுங்க கதவ அடைக்கும். நீ சொன்னா வரும். யோகராணி டீச்சர் கூட இருக்காங்கன்னா கண்ண மூடிக்கிட்டு அனுப்புவாங்க. ஜீப்புல இதே மாதிரி இன்னும் கம்பளி இருக்கு, வீட்டுக்கு ஒண்ணு. நீயே ஒங்கையால குடுத்துரு." மருதாயி மகள் மாதிரி ஆகும் என்றுதான் பயந்தேன். என் பிள்ளை இருமி வருவாள் என்றுதான் பயந்தேன். சந்தேகம் சந்தேகம் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்தேனே, தப்பான வாசலில் காவல் இருந்திருக்கிறேன். அவன் என் பிள்ளையைக் கொண்டுபோக வரவில்லை. கொண்டுபோகிறவளாக ஆக்க வந்திருக்கிறான். யோகராணி ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? தனி அறை, மேசை. இந்த அறையில் பிறந்து இந்த அறையில் வளர்ந்த பிள்ளை, தனி அறை என்றால் யோசிக்கத்தானே செய்யும்.

மிச்சம். அப்பா சாகக் கிடந்தபோது என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்ன மிச்சம். தாத்தா திரும்பவும் ஊருக்குப் போனாரு பாப்பா. எப்ப? கொஞ்ச வருசம் கழிச்சு. எதுக்குப்பா போனாரு? ஆள் கூட்டியார. கங்காணி ஆயிட்டாரா? ஆமா. சட்டை போட்டுக்கிட்டு, தலையில கம்பளி மூட்டையோட. சொந்த ஊருதான், சொந்தச் சனம்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டா கதவு திறக்கிற வீடுகதான். பாவப்பட்டுத்தான் போனாரு, அங்க சாகிறதுக்கு இங்க வரட்டுமேன்னு நெனச்சாரு, அது பொய்யில்ல. காட்டுவழியில பேதி வந்தது. நடக்க முடியாதவங்கள ஓரமா உக்கார வச்சிட்டுப் போனாங்க. செத்தவங்க மேல கிடந்த கம்பளிய உருவி, உதறி, மடிச்சு, மூட்டையில வச்சுக்கிட்டாரு. ஏன்னா அது தோட்டத்துல எண்ணிக் குடுத்தது. மலைக்குப் போயி அதையே அடுத்த வருசம் வந்த ஆளுங்களுக்குக் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் பாப்பா, பிறத்தியார் குடுத்த கம்பளிய விரிக்கக் கூடாதுன்னு அவரு சொன்னது. யாரு மேல கிடந்து வந்ததுன்னு அவருக்குத்தான் தெரியும். நான் இதை யோகராணிக்குச் சொல்லவில்லை. கைதட்டல் வாங்குகிற கதையாக இருக்கட்டும், வில்லன் கப்பலில் வந்தவனாகவே இருக்கட்டும் என்று விட்டேன். விட்டதால்தானே அவள் கம்பளியைப் பார்த்ததும் வாங்குகிறவளைப் பற்றி மட்டும் நினைத்தாள், கொடுக்கிற கையைப் பற்றி நினைக்கவில்லை.

தேத்தண்ணியை இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். பையின் ஜிப் திறந்திருக்கிறது. யோகராணி விரித்திருக்கவில்லை, ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டு, ரோஜாப்பூவின் மயிரை முன்னும் பின்னுமாகத் தடவிக்கொண்டிருக்கிறாள், பின்னால் தடவினால் நிறம் கறுக்கிறது, முன்னால் தடவினால் வெளுக்கிறது. டம்ளர்களைக் கட்டிலில் வைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பைக்குள்ளிருந்து கம்பளியை உருவினேன், உதறினேன், என் தோளில் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். யோகராணி எழுந்துவிட்டாள். "அம்மா! நம்ம வீட்ல..."

"ஆள் சேக்கணும்னு மாமா சொல்றான்ல. மொத ஆளா என்னைச் சேத்துக்க."

பூபாலன் சிரித்தான். "அக்காவுக்கு எப்பவும் வெளையாட்டு."

"வெளையாட்டு இல்லடா. போத்திட்டேன் பாரு. நான் வாரேன் மெசினுக்கு."

"அங்க சின்னப் புள்ளைங்களத்தான் எடுப்பாங்கக்கா. வெரல் ஓடணும்."

"முப்பது வருசமா கொழுந்து பறிக்கிற வெரலு. கொழுந்தவிடவா ஒங்க நூலு மெல்லிசு?"

"அதுக்கில்லக்கா..." டம்ளரை எடுத்தான், சுட்டது, கை மாற்றினான். "பெரிய பொம்பளைங்க வந்தா தொல்ல. லீவு குடு, ஊருக்குப் போறேம்பாங்க. அது ஏன் இது ஏன்னு கேள்வி கேப்பாங்க. சின்னதுக சொன்னா கேக்கும்." சொன்ன பிறகுதான் தன் பேச்சு தன் காதிலேயே விழுந்தது போல, தேத்தண்ணியை ஊதினான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. என் பிள்ளையைப் பார்த்தேன். சாயந்தரம் இதே கட்டிலில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பாளே, அப்படி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற பார்வை இல்லை அது. எந்த இடத்தில் தப்பியது என்று தேடுகிற பார்வை.

"கேள்வி கேட்டா என்ன மாமா?" என்றாள்.

அவன் குடித்துக்கொண்டிருந்தான். வெளியே ஜீப்பின் மேல் பனி இறங்கி அது இருக்கும் இடமே தெரியவில்லை. மிச்சத்தை இவன் போன பிறகு அவளுக்குச் சொல்ல வேண்டும், கைதட்டல் கிடைக்காத பாதியை. இல்லை, இவன் இருக்கும்போதே சொல்ல வேண்டும், இவனுக்கும் அது தாத்தாதான். கம்பளியை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். கை வரவில்லை. அது கதகதப்பாக இருந்தது. அவ்வளவு கதகதப்பு இருக்கும் என்று இத்தனை காலமும் எனக்குத் தெரியாது. தம்பி என் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்த இடம் முழுக்க அது பரவிக்கொண்டே போனது.